கடுகுக்கு எட்டாத உயரம்

ஜன்னல் கட்டையில் கடித்த தடம் இருந்தது.

மதியத் தூக்கம் கலைந்து வாய் கொப்பளிக்கப் போகிற வழியில் செட்டுக்காரர் அதைப் பார்த்தார். ஊசியால் குத்தியது போல ஆறு துளைகள், பிறை வடிவில், வார்னிஷ் பெயர்ந்து உள்ளே மரத்தின் வெளிர் நிறம் தெரிய. இரண்டரை மணி வெயில் அதன்மேல் சாய்வாக விழுந்ததில் துளைகளைச் சுற்றியிருந்த ஈரம் பளபளத்தது.

“ஏய் கடுகு, மரத்தையும் விட்டு வைக்கலையா நீ?”

கட்டிலுக்கு அடியிலிருந்து கடுகு தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. ஆறு மாத நாய்க்குட்டி. பெயருக்கு நாய், மற்றபடி காதும் வாலும் முளைத்த ஒரு பஞ்சுருண்டை. எடை பார்க்கும் கருவியில் ஏற்றினால் முள் அசையலாமா வேண்டாமா என்று யோசிக்கும். பலமாகத் தும்மினால் தானே இரண்டடி பின்னால் போய் விழும். வாசல் மிதியடியில் ஏறுவதற்கே அது நாலு முறை ஓடி வந்து முயற்சி செய்ய வேண்டும்.

ஜன்னல் கட்டை செட்டுக்காரரின் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

கொஞ்ச நேரம் ஜன்னலையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பட்டறை அறைக்குப் போய் உப்புத்தாளும் வார்னிஷ் டப்பாவும் எடுத்து வந்து, தேய்த்து, பூசி, தடம் தெரியாமல் மறைத்துவிட்டார். எப்படி ஏறியது என்பதைப் பிறகு யோசிக்கலாம். மனைவி வந்து பார்க்கக்கூடாது, அதுதான் முதலில்.

முப்பத்தெட்டு வருடம் பல் செட் செய்தவர். அதனால் ஊருக்கே அவர் செட்டுக்காரர். அந்த வட்டாரத்தில் அறுபது தாண்டியவர் யார் சிரித்தாலும் அது இவர் கைவேலை. துக்க வீட்டுக்குப் போனால்கூட அழுகிறவர்களின் வாயைப் பார்த்து, இது நம்மது, இது நம்மது என்று எண்ணிவிட்டுத்தான் திரும்புவார். அவர் வாயிலும் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. நாற்பத்தைந்து வயதில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத் தான் செய்த செட்டை மாட்டிக்கொண்டார். கடைக்காரன் கடைச் சரக்கைப் போடாவிட்டால் எப்படி என்பது அவர் கட்சி. பட்டறை அலமாரியில், பழைய வாடிக்கையாளர்களின் பிளாஸ்டர் ஈறுகள் வரிசையாக வாய் பிளந்து உட்கார்ந்திருக்க, நடுவில் அவருடைய ஈறும் இருந்தது.

மனைவி ஐந்து வாரமாக மகள் வீட்டில். பிரசவம் முடிந்து பேத்தி பிறந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மகளும் குழந்தையும் இங்கே வந்து இரண்டு மாதம் தங்குவதாக ஏற்பாடு. போகும்போது மனைவி கடுகை இவர் கையில் கொடுத்து, “அதோட வாயைக் கொஞ்சம் பாருங்க” என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். வாய் என்று சொன்னது தப்பாகிவிட்டது.

கடுகு கொட்டாவி விடும்போது கோரைப்பல் இரட்டையாகத் தெரிந்தது. நாலு மூலையிலும் இரண்டிரண்டு. போன வாரம் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார். அவள் கட்டைவிரலால் உதட்டை ஒதுக்கிக் காட்டினாள்.

“இங்க பாருங்க சார். முன்னாடி தடியா நிக்கிறது புதுசு. பின்னாடி ஊசி மாதிரி இருக்கே, அது பால்பல். புதுசு வரும்போதே அது விழுந்திருக்கணும்.”

“குடியிருக்கிறவன் காலி பண்ணாமலே அடுத்தவன் சாமான இறக்கிட்டான்னு சொல்லுங்க.”

“அதேதான். சின்ன ஜாதி நாய்ங்களுக்கு அடிக்கடி இப்படி ஆகும். விட்டுட்டா புதுப்பல் கோணி மேலண்ணத்துல குத்தும். இடுக்குல சாப்பாடு மாட்டி அழுகும். இனிமே தானா விழாது. அடுத்த வியாழக்கிழமை மயக்கம் கொடுத்து நாலையும் எடுத்துடறேன்.”

“அரிசி அளவு பல்லுக்கு மயக்கமா? நான் பார்க்காத பல்லா டாக்டர்?”

“நீங்க பார்த்ததெல்லாம் நீங்களே செஞ்ச பல் சார். இதுக்கு வேர் இருக்கு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “வெளியில தெரியிறது ஒரு பங்குன்னா உள்ள ரெண்டு பங்கு. நூல் மாதிரி மெலிசு. இழுத்தா ஒடியும். ஒடிஞ்ச வேர் உள்ளயே கிடந்தா தாடை கெட்டுடும். கை மட்டும் வச்சிடாதீங்க.”

அந்த ஒரு வாக்கியம் வீடு வரைக்கும் அவர் கூடவே நடந்து வந்தது. இதுக்கு வேர் இருக்கு. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்தது. படுத்தால் காதில் பேசியது. சனிக்கிழமை மதியம், செட்டைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, கம்பி வளைக்கும் சின்னக் குறட்டை எடுத்தார்.

கீழ்த்தாடை, இடது பக்கம். ஆட்டிப் பார்த்தார், ஆடுவது போல இருந்தது. இழுத்தார்.

சடக்.

கடுகு ஒரே ஒரு தடவை கத்தியது. ஒரு சொட்டு ரத்தம். ஒடிந்த துண்டை எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. முப்பத்தெட்டு வருடப் பழக்கம், கை இரண்டும் வேலையில் இருந்தால் ஆணி, கம்பி, மெழுகுத் துண்டு எல்லாம் வாய்க்குத்தான் போகும். பல்துண்டும் போனது. அதை உதட்டில் கவ்விக்கொண்டே நாயின் வாயைத் துடைத்து, தடவிக் கொடுத்து, சமாதானம் செய்தார். ஈறில் சுருக்கென்று ஏதோ குத்தியது. பிறகு துண்டை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டார். அதன் அடி தட்டையாக ஒடிந்திருந்தது. வேர் உள்ளேயே நின்றுவிட்டது.

அன்று மாலை மனைவியிடம் போனில், “கடுகுக்கு ஒரு பல் தானா விழுந்துருச்சு” என்றார்.

“நிஜமாவா? நல்லதாப் போச்சு. அது கடிக்கிற கடியை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரலை. பச்சைக் குழந்தைங்க. அது எதையாவது கடிச்சு வச்சிருந்துதுன்னா ஒரு நாள்கூட வச்சிருக்க மாட்டேன், டாக்டரம்மாகிட்டயே கொடுத்துடுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“அது எங்க கடிக்குது? பூனையைப் பார்த்தாலே என் காலுக்குள்ள வந்து ஒளியுது.”

அப்படித்தான் இருந்தது, அந்தச் சனிக்கிழமை வரைக்கும். அதற்குப் பிறகு கடுகு அவர் காலடிக்கு வரவில்லை. கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே போனது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போன பிறகுதான் வந்து நக்கியது. சில சமயம் அவரையே உற்றுப் பார்த்தது. கண்ணைப் பார்க்காமல், வாயை.

அவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் பட்டறைக்குப் போகத் தோன்றியது. பட்டறையில் நின்றால் வாசலுக்கு. மெழுகு வாசமும் பிளாஸ்டர் தூசியும் எத்தனையோ வருடமாக அவருக்கு உறக்கம் தரும் வாசனைகள், இப்போது மூக்கை அரித்தன. ஈறு துறுதுறுத்தது. எதையாவது வைத்துக் கடித்தால் தேவலை போல ஒரு நமைச்சல். பாத்திர மூடி மாதிரி உட்காரும் கீழ்ச் செட், ஜன்னலில் தடம் பார்த்த அந்தப் புதன்கிழமை மாலை, ஆட ஆரம்பித்தது. அடியில் ஒரு பக்கம் ஏதோ தூக்கிக்கொடுப்பது போல. ஊரில் யாருக்காவது செட் ஆடினால் அது வேறு யாரோ செய்தது என்று பந்தயம் கட்டுகிறவர் அவர். அரத்தை எடுத்து உள்பக்கம் லேசாகத் தேய்த்து மாட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் மறுபடியும் ஆடியது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கடுகைக் கூடையில் கொண்டுபோய் விட்டார். ஐந்து மணிக்கு வந்து அழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீடு காலியாக இருந்தது. குழாய் சொட்டுவது கேட்டது, சுவர்க் கடிகாரம் கேட்டது, தெருவில் யாரோ இரும்பு அலமாரியை இழுத்துக்கொண்டு போகிற கிறீச்சிடல் வெகுநேரம் கேட்டுத் தேய்ந்தது. செட்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் படுத்தார்.

எழுந்தபோது நாக்குக்கு அடியில் ஏதோ உறுத்தியது. விரலை விட்டு எடுத்தார். மரச்சிராய்.

படுக்கையறைக் கதவு நிலையில், அவர் முகத்துக்கு நேராக, பிறை வடிவில் துளைகள். எண்ணினார். பதினான்கு.

நாய் வீட்டில் இல்லை.

ஐந்து மணிக்கு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கடுகு அவள் முழங்கையில் மயக்கம் தெளியாமல் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தது.

“மூணையும் வேரோட எடுத்துட்டேன் சார். நாலாவது இடத்தைப் பாருங்க, சுத்தமா இருக்கு. ஒரு துணுக்கு வேர்கூட இல்லை. தானா விழுந்துருச்சுன்னு காலையில சொன்னீங்கள்ல, நான்தான் நம்பலை. குறட்டை எடுத்துட்டீங்கன்னே நினைச்சேன்.”

“சேச்சே.”

“வாயை ஏன் சார் பொத்திக்கிட்டே பேசறீங்க?”

“செட்டு கொஞ்சம் ஆடுது.”

“உங்க செட்டா?” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இதை வெளியில சொல்லிடாதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் தீப்பெட்டியைத் திறந்தார். துண்டு இருந்தது. அடி தட்டையாக, ஒடிந்தபடி. வேர் இதில் இல்லை. நாயிடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். மனிதன் பொய் சொல்லுவான், கண்ணாடி பொய் சொல்லும், அச்சு சொல்லாது. அச்சுப் பசையைக் குழைத்துக் கதவு நிலையின் துளைகளில் அப்பினார். புதினா வாசனை அறை முழுக்கப் பரவியது. இறுகியதும் பிய்த்தெடுத்துப் பலகையில் வைத்தார். பசையில் துளைகள் பற்களாக நிமிர்ந்து நின்றன. ஊசி ஊசியாக. பால்பற்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் இன்னொன்று எட்டிப் பார்த்தது.

பல் நாய்க்குட்டியுடையது. வளைவு நாய்க்குட்டியுடையது இல்லை.

ஈறின் வளைவு அவருக்கு முகம் மாதிரி. ஆயிரம் பேர் நடுவில் நின்றாலும் அடையாளம் சொல்லுவார். இந்த வளைவை எங்கேயோ பார்த்திருக்கிறார். அலமாரியில் வரிசையாகப் பிளந்திருந்த வாய்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பசையின்மேல் பொருத்தினார். முதல் வரிசை, பொருந்தவில்லை. இரண்டாவது வரிசை, பொருந்தவில்லை. நடுவில் இருந்ததை மட்டும் தொடாமல் விட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

பிறகு நடுவில் இருந்ததை எடுத்தார்.

மூடி போல உட்கார்ந்தது.

கீழ்ச் செட்டைக் கழற்றினார். கட்டைவிரலை ஈறின்மேல் வைத்தார். இடது பக்கம். ஒன்று. பக்கத்தில் ஒன்று. பின்னால் ஒன்று. விரலை நகர்த்த நகர்த்த, குத்திக்கொண்டே வந்தது.

குறட்டை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

சடக்.

கையில் வந்தது அரிசி அளவுத் துண்டு. அடி தட்டை.

சனிக்கிழமை காலையில் அந்த இடத்தில் இரண்டு இருந்தன.

பழைய பல் டாக்டருக்குப் போன் செய்தார். அவருக்கு நூறு செட்டாவது செய்து கொடுத்திருப்பார். “திங்கட்கிழமை வாங்க, முதல் ஆளா உங்களைப் பார்க்கிறேன்” என்றார் டாக்டர். நடுவில் ஞாயிறு. குழந்தை வருகிற நாள். மனைவியைக் கூப்பிட்டு ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

“மாப்பிள்ளைக்கு இன்னிக்கே வெளியூர் போகணுமாம். ஒரு நாள் முன்னாடியே கிளம்பிட்டோம்” என்று சொல்லிக்கொண்டே மனைவி பைகளை இறக்கினாள். பின்னால் மகள். அவள் தோளில் துணிச் சுருளாகக் குழந்தை. “என்னங்க இப்படி இளைச்சுட்டீங்க? வாயில என்ன?”

மெழுகுத் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். அது இருந்தால் நமைச்சல் கொஞ்சம் அடங்கியது. வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

மனைவி படுக்கையறை வாசலில் நின்றுவிட்டாள். நிலையைத் தடவிப் பார்த்தாள். அதில் உப்புத்தாள் போட அவர் மறந்தே போயிருந்தார்.

“இது என்னங்க?”

மகளும் வந்து பார்த்தாள். குழந்தை அவள் தோளில் முனகியது. சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து காட்டினால் போதும். ஒரு வார்த்தைகூடத் தேவையில்லை.

“கடுகு” என்றார் பல்லுக்கிடையில்.

“இவ்வளவு உயரத்துலயா?”

“நாற்காலி மேல ஏறி.”

மனைவி அவரைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள். நம்பாமல் போயிருப்பாள். ஆனால் அதே நேரம் கட்டிலுக்கு அடியிலிருந்து கடுகு வெளியே வந்தது. ஒரு வாரமாக ஒளிந்தே கிடந்த பிராணி, தள்ளாடி ஓடி, மகளின் காலுக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றுகொண்டது. முதுகு மயிர் சிலிர்த்து, உதட்டைச் சுருட்டி, தையல் போட்ட ஈறைக் காட்டி, செட்டுக்காரரைப் பார்த்து உறுமியது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

“சொன்னேன்ல, இது ஒரு மாதிரி ஆயிடுச்சு” என்றாள் மனைவி. “பாப்பா பக்கத்துலயா உறுமற? வாடா, நீ வேண்டாம்.”

“அம்மா, பாவம்மா. ஆபரேஷன் வலியா இருக்கும்.”

“வலி போனதும் பார்க்கலாம். அதுவரைக்கும் டாக்டரம்மாகிட்ட இருக்கட்டும். இதே ஆட்டோவுலயே போய் விட்டுட்டு வந்துடறேன். அரை மணி நேரம்.”

கூடைக்குள் போகாமல் கடுகு நாலு காலையும் விரித்துக்கொண்டு முரண்டு பிடித்தது. மூடியைச் சாத்திய பிறகும் உள்ளே சுரண்டியது. ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அதன் குரைப்பு கேட்டது. பிறகு கேட்கவில்லை.

“அப்பா, பாப்பாவைப் பத்து நிமிஷம் பிடிங்க. வந்த கசகசப்பு, ஒரு வாளி தண்ணி ஊத்திக்கிட்டு ஓடி வந்துடறேன்.”

அவர் பின்னால் நகர்ந்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“என்னப்பா பயப்படறீங்க? என்னைத் தூக்கினதில்லையா நீங்க? உட்காருங்க. தலையை மட்டும் தாங்கிக்குங்க, அவ்வளவுதான்.”

மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்தது.

வீட்டில் வேறு சத்தம் இல்லை. கிண்ணத்துத் தண்ணீரில் அவருடைய செட் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தன. குழந்தையிடமிருந்து பாலும் வெதுவெதுப்பான துணியும் கலந்த வாசனை வந்தது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டையைப் பார்த்தார். கம்பிகளை எண்ணினார். நாக்கு பற்களை எண்ணியது.

நமைச்சல்.

மெழுகை அழுத்திக் கடித்தார். இன்னும் அழுத்தி. அது இளகிவிட்டது. இளகி, நடுவில் பிளந்தது.

மகளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட வாயைத் திறக்க வேண்டும்.

துணிச் சுருள் நெகிழ்ந்தது. ஒரு கால் வெளியே வந்தது. கட்டைவிரல் அளவுப் பாதம், ரேகைகூட இன்னும் சரியாக விழாதது. குழந்தை தூக்கத்தில் காலை உதைத்தது. மறுபடி உதைத்தது. எப்போது குனிந்தார் என்று அவருக்கே தெரியவில்லை, குதிகால் அவர் உதட்டில் வந்து நின்றது.

மெத்தென்று.

குழாய்ச் சத்தம் ஓயவில்லை. வாளி இன்னும் பாதிகூட நிரம்பியிருக்காது.

துளை துளையாகிப்போன மெழுகு இரண்டு துண்டாகத் துணிமேல் விழுந்தது. செட்டுக்காரரின் கீழ்த்தாடை மெல்ல, தானாக, இறங்கியது. குழந்தை தன் பொக்கை வாயைக் கோணித் தூக்கத்தில் சிரித்தது.